குழாய் மாறிய வெள்ளிக்கிழமை

முப்பத்து மூன்று வயதில் ரிட்டையர் ஆகிறவர்கள் கிரிக்கெட்காரர்களும் நானும்தான். அவர்களுக்கு முட்டி போகும். எனக்கு இடது காது போனது. பதினெட்டு வருஷம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே தின்று, தூங்கி, ஊர்க்கதை பேசியதன் பலன். "இத்தோட நிறுத்திக்க, இல்லன்னா இன்னொரு காதும் போயிடும்" என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொல்கிறாள். அவர் என் இடது பக்கம் நின்று சொன்னதால் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இப்போது திண்டிவனத்தில் செல்போன் கவர் விற்கிறேன். நம் மைக் செட் தொழிலாளர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள், நீயும் எழுது என்றார்கள். என் தமிழுக்காகக் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தமிழிலேயே பெயிலானவன் நான். போன கூட்டத்தில் எல்லோரும் ஒரே புலம்பல். இனிமேல் எந்த விசேஷத்துக்கும் எத்தனை குழாய், எது எந்தப் பக்கம் பார்க்கும் என்று படம் போட்டு போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமாம். நான் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன்.

"இன்னாடா சிரிப்பு?" என்றார் செயலாளர்.

"எங்க அந்தோணி அண்ணன் இத யாரும் கேக்காமலே பண்ணிக்கினு இருந்தாரு. நீங்க இப்பதான் முழிச்சுக்கினு உக்காந்துகினு இருக்கீங்க."

"அப்ப நீயே எழுதிக் குடு. வாயத் தொறந்தா ஊரையே நக்கல் பண்ணுவ."

எழுத்திலும் பண்ணுவேன். எழுத்துப் பிழையை மட்டும் அவர் திருத்திக் கொள்ளட்டும்.

அந்தோணி அண்ணன் கடை விழுப்புரத்தில் கோலியனூர் போகிற ரோட்டில் இருந்தது. பதினைந்து வயதில் சேர்ந்தேன். முதல் வருஷம் ஒயர் சுற்றினேன். இரண்டாம் வருஷம் சுற்றின ஒயரைப் பிரித்தேன். மூன்றாம் வருஷம் ஏணி ஏற விட்டார். பயிற்சி முடிந்தது.

ஊருக்கே சத்தம் கொடுக்கிற மனிதர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். சட்டைக்குள் ஜெபமாலை கிடக்கும். மேல் பட்டனை எப்போதும் போட்டிருப்பார், அதனால் அது யாருக்கும் தெரியாது. வண்டி ஒரு தெருவுக்குள் போனதும் சாமானை இறக்க விட மாட்டார். முதலில் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். நானும் பின்னால் நடக்க வேண்டும். வீடு வீடாகக் கேட்க வேண்டும். படுக்கையில் கிடக்கிற ஆள் இருக்கிறாரா, பச்சைக் குழந்தை இருக்கிறதா, சாவு விழுந்த வீடா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உண்டா? கேட்டு முடித்த பிறகு ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் கம்பங்களில் அம்புக்குறி போடுவார். எந்தக் குழாயும் அந்த வீடுகளைப் பார்க்கக் கூடாது. நாங்கள் செட் போட்ட தெருவில் வந்து யாரும் சண்டை போடாததற்குக் காரணம் அந்த ஒரு ரூபாய் சாக்பீஸ்தான்.

ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் தொழுகை நேர அட்டை ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். கோயில் விசேஷத்துக்குப் போனாலும் சரி, மாதா கோயில் தேருக்குப் போனாலும் சரி, பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் பாங்கு சொல்வதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் என் கை வால்யூம் திருகியில் இருக்க வேண்டும். பாட்டைச் சட்டென்று வெட்டினால் முறைப்பார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்வார்.

ஒரு நாள் கேட்டேன். "எப்படி நிறுத்தினா இன்னா ணா? நின்னா சரிதானே?"

"வெட்டினா, யாரோ வந்து நிறுத்தச் சொன்ன மாதிரி இருக்கும். ஜனங்க திரும்பிப் பாப்பாங்க. இறக்கினா பாட்டு தானா முடிஞ்ச மாதிரி இருக்கும்."

அவர் பேசியதிலேயே நீளமான வசனம் அது. பிற்பாடு நூறு தெருவில் பாட்டை இறக்கியிருக்கிறேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எந்தப் பெரிய பாடகருக்கு விழுகிற கைதட்டலை விடவும் அந்தத் திரும்பிப் பார்க்காததுதான் எனக்குப் பெருமை.

கோலியனூருக்கு உள்ளே ஒரு ஊரில் மாதா கோயில் திருவிழா நடந்தது. தேர் தங்கள் தெருமுனைவரை வரக் கூடாது என்று சிலர் வந்து தகராறு பண்ணினார்கள். தடியால் ஒரு குழாயை அடித்து நசுக்கிவிட்டுப் போனார்கள். அண்ணன் அதை அவிழ்த்து இறக்கினார். குழாயைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். வாய்ப்பக்கம் ஒரு பள்ளம் மட்டும் அப்படியே நின்றது. மூன்று மாசம் கழித்து அதே ஆட்கள் தீமிதிக்குச் செட்டு கேட்டு வந்தார்கள். இந்தப் பக்கத்தில் அவரைப் போல் சத்தம் கொடுக்க வேறு ஆள் இல்லை, என்ன செய்வார்கள்? அண்ணன் போனார், தெருவை நடந்தார், சாக்பீஸ் அம்பு போட்டார், கோயில் வாசலுக்கு நேராக அந்தப் பள்ளம் விழுந்த குழாயையே கட்டினார். மூன்று நாளும் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக் கொண்டு நின்றார்கள். கடைசி நாள், அடித்தவர்களில் ஒருவர் இளநீர் வெட்டி அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் குடித்தார். "இன்னொண்ணு வெட்டுங்க, பையனுக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவருடைய சட்டங்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. ஒரே கம்பத்தில் இரண்டு பேருடைய ஒயர் போனால், ஒன்றின் மேல் துணித்துண்டு கட்ட வேண்டும். கம்பத்துக்கு இந்தப் பக்கமும் கட்ட வேண்டும், அந்தப் பக்கமும் கட்ட வேண்டும். எது யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்ன? எனக்கு அப்போது எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வயது.

அந்த ஆடி மாசம் திண்டிவனத்தில் ஒரு தெருவுக்குப் போனோம். ஒரு கோடியில் மாரியம்மன் கோயில், மறு கோடியில் பள்ளிவாசல், நடுவில் ஒரு வளைவு. கோயிலில் கூழ் வார்க்கிற வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்மா தொழுகை. மினாரை இடித்துக் கட்டிக் கொண்டிருந்ததால் அவர்களுக்கும் அண்ணன்தான் தற்காலிகமாகச் செட்டு போட்டுக் கொடுத்திருந்தார். தெரு நடுவில் இருந்த மாடி வீட்டின் மேல் இரண்டு பேருடைய குழாய்களையும் முதுகோடு முதுகாகக் கட்டினார். கோயில் குழாய் கோயிலைப் பார்க்கும், பள்ளிவாசல் குழாய் பள்ளிவாசலைப் பார்க்கும். யார் சத்தமும் யார் முகத்திலும் அடிக்காது. இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில் ஏறி, ரோட்டைத் தாண்டி, அந்த மாடிக்குப் போயின.

"துணி கட்டினியா?" என்றார்.

"கட்டிட்டேன் ணா" என்றேன். கட்டவில்லை. கோயிலில் மைக் என் கையில் இருந்தது. "பச்சை சேலை கட்டிய அத்தை, உங்க பேரன் சுண்டல் கடையில நிக்கிறான்" என்று அறிவிப்பு கொடுப்பதில் நான் பிஸி.

அந்தத் தெருவில் அதற்கு முந்தின வருஷம் ஊர்வலத்தின்போது அடிதடி நடந்திருந்தது. ஒரு ஜூஸ் கடைக் கண்ணாடி நொறுங்கியது, இரண்டு பக்கத்திலும் நாலு நாலு பேர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த வருஷம் 'ஆடி வெள்ளியன்று ஏதோ நடக்கப் போகிறது' என்று எல்லோர் போனிலும் ஒரு செய்தி சுற்றிக் கொண்டிருந்தது. யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் அனுப்பினார்கள்.

மத்தியானம் பாங்குக்குக் கால்மணி நேரம் இருக்கும். மாடி உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வந்து, ரோட்டைத் தாண்டிப் போன இரண்டு ஒயரையும் அறுத்துக் கொண்டு போனது. பாட்டு நின்றது. அண்ணன் பள்ளிவாசலுக்குள் மைக்கைச் சரி பார்த்துக் கொண்டிருந்தார். நான் ஏணியைத் தூக்கிக் கொண்டு ஓடினேன். கம்பத்தில் இரண்டு முனை தொங்கியது, குழாய்ப் பக்கத்து இரண்டு முனை ரோட்டில் கிடந்தது. ஒரே சுருளிலிருந்து வெட்டிய ஒயர், ஒரே நிறம். எடுத்துக் கொண்டு ஏறி, ஜல்தியாக முறுக்கி, டேப் சுற்றி, கோயில் கொட்டகைக்குத் திரும்பி ஓடிப் பாட்டைப் போட்டேன்.

கோயிலைப் பார்த்த குழாயில் சத்தம் வரவில்லை. மைக் செட்காரன் அப்போது என்ன செய்வான்? வால்யூமை ஏற்றுவான். நானும் ஏற்றினேன், கடைசிவரை.

கோயில் மைக்கிலிருந்து போன முனையைப் பள்ளிவாசல் குழாயோடும், அவர்கள் முனையைக் கோயில் குழாயோடும் சேர்த்து முறுக்கியிருந்தேன். ஜும்மாவுக்கு வந்து கூடியிருந்தவர்கள் முகத்தில், அவர்களுடைய குழாயிலேயே அம்மன் பாட்டு உடுக்கையோடு வெடித்தது. அதே நேரம் கூழ்ப் பானைப் பக்கம் பார்த்த குழாயில் மோதினார் காதர் பாய் தொண்டையைச் செருமிவிட்டுப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார். கூழ் ஊற்றிக் கொண்டிருந்த பாஞ்சாலி அத்தை அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"இன்னாடா ஏயுமல, நம்ம குழாய்ல பாங்கு வருது?"

ஏழுமலை என்பது என் பெயர். அன்றைக்கு அது எனக்கு மறந்துவிட்டது. நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்தபோது வளைவில் இரண்டு பக்கக் கூட்டமும் சேர்ந்துவிட்டது. 'வேணும்னே பண்றானுங்க' என்று அவர்களும் சொன்னார்கள், இவர்களும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை.

அண்ணனுக்கு நடந்தது என்னவென்று கேட்ட நொடியிலேயே புரிந்திருக்கிறது. பள்ளிவாசலிலிருந்து ஓடி வந்து, நான் கம்பத்திலேயே விட்டுவிட்டு வந்த ஏணியில் ஏறி ஒயரைப் பிரிக்கப் போனார். கூட்டத்தின் கண்ணில் பட்டது வேறு. எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் ஒருத்தர் கம்பத்தில் நின்று ஒயரை மாற்றுகிறார்.

"இவன்தாண்டா மாத்துறான்!"

"கழுத்துல பாரு, சிலுவ! ரெண்டு பேரையும் மூட்டி வுட்டுட்டு வேடிக்க பாக்குறான்!"

ஓடி வந்ததில் மேல் பட்டன் கழன்றிருந்தது. கீழே இருந்தவர்கள் ஏணியை ஆட்டினார்கள். கோயில் பக்கத்து ஆட்களும் ஆட்டினார்கள், பள்ளிவாசல் பக்கத்து ஆட்களும் ஆட்டினார்கள். கீழே கருங்கல் போட்ட சாக்கடை. அண்ணன் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக் கொண்டார்.

இதைக் கோயில் வாசல்வரை ஓடி எட்டிப் பார்த்துவிட்டு நான் கொட்டகைக்குத் திரும்பினேன். ஆம்ப்ளிஃபையரை மறுபடி போட்டு மைக்கில் கத்தினேன். "அண்ணன வுட்டுடுங்க! ஒயர மாத்துனது நான்! ஏயுமல பேசுறேன்! தப்பு என்னுது!"

என் குரல் எங்கே போகும்? பள்ளிவாசல் குழாய்க்குத்தானே போகும். அந்தப் பக்கத்துக்காரர்கள் கேட்டார்கள், கொஞ்சம் தயங்கினார்கள். கோயில் பக்கத்துக்காரர்கள் என் குரல் பள்ளிவாசல் குழாயில் வருவதைக் கேட்டார்கள். வளைவிலிருந்து பார்த்தால் கொட்டகை தெரியாது. அவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்.

"ஏயுமலய உள்ள புடிச்சு வச்சிட்டானுங்கடா! அடிச்சுப் பேச வைக்கிறானுங்க!"

கூட்டம் இரண்டு மடங்கு எகிறியது. நான் வாயைத் திறந்தால் அண்ணன் விழுவார் என்று ஆகிவிட்டது.

கோயில் பக்கத்துக்காரர்கள் காதில் போட வேண்டுமானால் கோயில் குழாயில் பேச வேண்டும். கோயில் குழாய்க்குப் போகிற மைக் பள்ளிவாசலில் இருந்தது.

"அத்தே, நான் கூப்புடுவேன், அப்ப இந்த மைக்குல பேசு" என்று பாஞ்சாலி அத்தையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கையில் மஞ்சள் காப்பு, கால் முழுக்கக் கூழும் சேறும். கூட்டத்தைத் தோளால் இடித்துக் கொண்டு கம்பத்தைத் தாண்டும்போது ஒரு கை மேலே போனதைப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை. கல் அண்ணன் புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் நின்றுவிட்டேன். அண்ணன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். அவர் முகவாய் பள்ளிவாசல் பக்கம் அசைந்தது. போ.

பள்ளிவாசல் வாசலில் நின்ற நாலு பேர் என் காப்பைப் பார்த்தார்கள். ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். உள்ளேயிருந்து காதர் பாய் சத்தம் கேட்டது. "வுடு அவன. குழாய்ல பேசுனது இவந்தான்." எழுபது வயது மனிதர், ஒல்லி. மைக் இருந்த இடத்துக்கு நான் பாய்ந்தேன். கையை நீட்டி மறித்தார்.

"காலக் கழுவு."

"பாய்! அங்க அண்ணன சாவடிக்கிறானுங்க!"

"தெரியுது. சேத்துக் காலோட எங்க வர்ற? கழுவு."

அண்ணன் கம்பத்தில் தொங்குகிறார், நான் தொட்டியடியில் ஒற்றைக் காலில் நின்று கால் கழுவுகிறேன். அவரே சொம்பில் மொண்டு ஊற்றினார். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் வேட்டியில்தான் விழுந்தது. அந்த வயதில் அவர் குனிந்து என் காலுக்கு ஊற்றுவதைப் பார்த்ததும் என் பதற்றம் நின்றுவிட்டது. ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மைக்கை எடுத்து அவரே என் கையில் வைத்தார்.

"நல்லாத் தமாசா பேசுவியே, பேசு."

பேசினேன். "கோயில் பக்கத்து ஜனங்களே, ஏயுமல பேசுறேன். எவனும் என்னப் புடிச்சு வைக்கல. நான் நிக்கிறது பள்ளிவாசல்ல, காதர் பாய் பக்கத்துல. ஆனா என் கொரலு நம்ம கோயில் குழாய்ல வருது பாருங்க. முன்ன கோயில்ல நின்னு பேசினேன், அது பள்ளிவாசல் குழாய்ல வந்துச்சு. இதான் நான் பண்ண தப்பு. ஒயர மாத்தி முறுக்கிட்டேன். அந்தோணி அண்ணன் அத சரி பண்ணத்தான் ஏறினாரு. நம்பலன்னா, பாஞ்சாலி அத்தே, நீ பேசு. கூழுல ஏன் உப்பே இல்லன்னு சொல்லு."

 பிறகு பள்ளிவாசல் குழாயில், தொழ வந்து நின்ற அத்தனை பேர் தலைக்கு மேலும், பாஞ்சாலி அத்தையின் குரல் வெடித்தது.

"அடேய் எரும! ரெண்டு சொம்பு குடிச்சிட்டுப் போனியே, அப்ப இன்னா நாக்கு செத்துப் போச்சா உனுக்கு? உப்பு இல்லயாமே, உப்பு! வாடா இங்க, அகப்பையாலயே போடுறேன்! யப்பா, பாய்ங்களா, அவன நல்லா நாலு சாத்து சாத்தி அனுப்புங்க!"

எனக்குப் பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான், என் சட்டையைப் பிடித்த அதே ஆள். வெளியே யாரோ சிரித்தார்கள், அடுத்தவரும் சிரித்தார். வளைவில் சத்தம் இறங்கியதை நான் கேட்டேன். யாரும் வெட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கீழே இறங்கி, மாடி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வந்த காதர் பாய் தன் தோள் துண்டை மடித்து அவர் புருவத்தில் அழுத்தினார். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

"அண்ணா, துணி கட்டலணா. பொய் சொன்னேன்" என்றேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கட்டிங் பிளேயரை என்னிடம் நீட்டினார். "ஒயரு இன்னும் மாறித்தான் இருக்குது. பாயி பாங்கு சொல்லணும். ஏறு."

எல்லோரும் ஆட்டியதில் அந்த மூங்கில் ஏணியின் கால் நெகிழ்ந்திருந்தது, இனி சாக்கடை ஓரத்தில் தானாக நிற்காது. கீழே நாலு பேர் பிடிக்க வேண்டும். நான் யாரையும் கூப்பிடவில்லை. நாலு பேர் வந்தார்கள், அங்கிருந்து இரண்டு, இங்கிருந்து இரண்டு. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே ஏணியை ஆட்டிய கைகள்தான். வேறு கை அங்கே ஏது? நான் ஏறினேன். முறுக்கைப் பிரித்தேன். எது எதனுடையது என்று இந்தத் தடவை நான் ஊகிக்கவில்லை. ஒரு முனையைக் குழாய் ஒயர் ஒன்றில் தொட வைத்துக் கொண்டு, "பாய், உங்க ஆளுங்கள மைக்குல தட்டச் சொல்லுங்க! அத்தே, நீ தட்டாத!" என்று மேலிருந்து கத்தினேன். இரண்டு கோடியும் என் பேச்சைக் கேட்டன. ஒன்பதாவது பெயிலானவன் ஒரு தெருவையே மைக் டெஸ்டிங் பண்ண வைத்தேன். அதைவிடப் பெரிய பதவி எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

கல் எறிந்தது யார் என்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கேட்டார். பார்க்கவில்லை என்றார் அண்ணன். அவர் கண்ணில் ரத்தம், அவர் சொன்னது உண்மை. நானும் பார்க்கவில்லை என்றேன். அது உண்மை இல்லை. அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று சங்கத்தில் இன்னும் கேட்கிறார்கள். சாகிறவரை சொல்ல மாட்டேன்.

அன்று மத்தியானம் மேலே நின்று கடைசி முறுக்கைப் போடும்போது ஏணி லேசாக அசைந்தது. குனிந்து பார்த்தேன். ஏணியின் இடது காலைக் கட்டிப் பிடித்துக் கொண்டு நின்றவன் கட்டம் போட்ட சட்டைக்காரன். அவனும் என்னை அண்ணாந்து பார்த்தான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

"கெட்டியா புடி" என்றேன்.

பிடித்தான்.